பெயரடையும் நம் மாணவரும்

எம்மிடம் பயின்று, இன்று சரக்குக் கப்பலொன்றில் பணியாற்றிவரும் மாணவர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது எம்மைக் காண வந்தார். பழைய ஆசிரியருக்கு அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவது நம் பக்கத்து வழக்கம். அவர் அவற்றோடு ஒரு சிறு நூலையும் கொண்டுவந்தார். உடன் பணிபுரியும் தென்னமெரிக்க நண்பர் படித்து முடித்துத் தந்தது என்றார். ஸ்பானிய மொழி பேசுவோர்க்கு ஆங்கிலப் பெயரடைகளின் வகைகளையும் அவை பயன்படும் முறையையும் கற்பிக்கும் நூல் அது. ஸ்பானியம் அறியாத தமிழாசிரியருக்கு இதனால் என்ன பயன் என்று வீட்டில் கேட்டார்கள். ஆங்கில எடுத்துக்காட்டுகளின் துணைகொண்டு ஒருவாறு படித்து முடித்தோம். முடித்தபின் எமக்கு உண்டானது பொறாமை.

பொறாமைக்குக் காரணம் உண்டு. அந்நூலாசிரியர் தம் மாணவன் எங்கே இடறுவான் என்பதை முன்னரே அறிந்திருக்கிறார். தொடக்கத்திலேயே இரண்டு எச்சரிக்கைகள். ஆங்கிலத்தில் பெயரடை பெயருக்கு முன் நிற்கும் என்பது ஒன்று. பெயர் பன்மையானாலும் பெயரடை பன்மையாகாது என்பது மற்றொன்று. ஸ்பானியத்தில் இவை இரண்டும் பெரும்பாலும் தலைகீழ். வெள்ளை வீட்டை அவர்கள் 'காஸா பிளாங்கா' என்பர். 'காஸா' வீடு, 'பிளாங்கா' வெள்ளை. வீடு அம்மொழியில் பெண்பால் ஆதலின் வெண்மையும் பெண்பால் ஈறு பெற்றது. ஆண்பாற் பெயரைத் தொடரின் 'பிளாங்கோ' என நிற்கும். வீடுகள் பலவாயின் 'காஸாஸ் பிளாங்காஸ்'. வீட்டோடு வெண்மையும் பன்மையாகிவிடுகிறது. இப்பழக்கத்தில் வளர்ந்தவர் ஆங்கிலம் எழுதப் புகும்போது 'ஒயிட்ஸ் ஹவுசஸ்' என எழுதுவதில் வியப்பில்லை. அதனால்தான் அந்நூல் அங்கே தொடங்குகிறது.

மொராக்கோ நாட்டின் பெருநகராகிய காஸாபிளாங்காவின் பெயரும் இதுவே. அந்நகரை அரபுமொழி 'அத்தாருல் பைளா' என அழைக்கும். 'தார்' வீடு, 'பைளா' வெள்ளை. இங்கும் பெயர் முன்னே, அடை பின்னே. 'தார்' அரபியில் பெண்பால் ஆதலின் 'அப்யள்' என்னும் ஆண்பால் வடிவம் வாராமல் 'பைளா' என்னும் பெண்பால் வடிவம் வந்துள்ளது. ஒரே ஊருக்கு இருமொழியில் இரு பெயர்; இலக்கணமோ ஒன்றுபோல் அமைந்திருக்கிறது. இதனைக் கொண்டு, ஸ்பானியர் பெயரடையை வைக்கும் முறையை அந்தலூசிய முஸ்லிம்களிடம் கற்றனர் என்று யாரும் மேடையில் முழங்கிவிட வேண்டா. ஸ்பானியம் அரபியிடமிருந்து சொற்களை நிரம்பப் பெற்றது உண்மை. பெயரடை பெயரோடு பாலிலும் எண்ணிலும் இயையும் முறையோ அதற்கு இலத்தீன் வழி வந்தது. பெருமை பேசுவதற்கு நமக்கு வேறு உண்மைகள் உள்ளன.

இனி நம் மாணவனுக்கு வருவோம். அந்நூலின் இரண்டு எச்சரிக்கைகளும் அவனுக்கு வேண்டா. 'நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல வீடுகள்' என்று பிறந்தது முதல் பேசிவருபவன் அவன். தமிழில் பெயரடை பெயருக்கு முன்னேதான் நிற்கும். பாலும் எண்ணும் காட்டாது. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளை வடமொழியினின்றும் பிரித்துக் காட்டும் இயல்புகளுள் ஒன்றாக இதனை எண்ணினார். எனவே 'ஒயிட் ஹவுசஸ்' என்பது தமிழ் மாணவனுக்கு இயல்பாகவே கைவரும். ஸ்பானியன் திங்கட்கணக்கில் உழைத்துப் பெறுவதை இவன் இலவசமாகப் பெற்றிருக்கிறான். அவனிடம் இதனை எவரேனும் சொன்னதுண்டா? நாம் அறிந்தவரை இல்லை.

அவன் இடறுமிடம் வேறு. ஆங்கிலப் பெயரடைகளுள் எண்ணுக்கு இயைந்து மாறுவன சுட்டுச் சொற்கள் மட்டுமே: ஒருமைக்கு 'திஸ்', பன்மைக்கு 'தீஸ்', ஒருமைக்கு 'தாட்', பன்மைக்கு 'தோஸ்'. ஸ்பானியத்திலும் சுட்டு பன்மையேற்கும் ஆதலின் அம்மாணவன் இதனை எளிதில் பற்றிக்கொள்கிறான். அந்நூலில் இதற்கு அரைப்பக்கம்கூட இல்லை. நம் மாணவனோ 'இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள்' என்று பேசுபவன். ஆகவே பட்டப்படிப்பின் இறுதியாண்டிலும் 'திஸ் புக்ஸ்' என்று எழுதுகிறான். விடைத்தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு விழுகிறது. ஏன் விழுந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. மறுமுறையும் அதே கோடு.

'சின்னச் சின்ன வீடுகள்' என்பதை 'ஸ்மால் ஸ்மால் ஹவுசஸ்' என்பான். ஒவ்வொன்றும் சிறிது, அங்கங்கே பரந்து கிடக்கின்றன என்னும் நுண்பொருளை அடுக்குத்தொடரால் தமிழ் உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் அவ்வழி இல்லை. ஐயம் எழுந்தால் 'ஐ ஆம் டவுட்' என்று எழுந்து நிற்பான். வகுப்பு நகைக்கும். 'எனக்குச் சந்தேகம்', 'எனக்குப் பசி', 'எனக்குக் கோபம்' என்று உணர்வுகளையெல்லாம் பெயர்ச்சொல்லாக வைத்து, உணர்பவனை நான்காம் வேற்றுமையில் நிறுத்துவது தமிழ் மரபு. ஆங்கிலம் இவற்றுட் பலவற்றைப் பெயரடையாக்கி எழுவாயின்மேல் ஏற்றும். இவ்விடத்தில் ஸ்பானியனும் நமக்குத் துணைவருகிறான். பசித்தால் அவன் 'எனக்குப் பசி உண்டு' என்னும் பொருள்பட, பசியைப் பெயராக வைத்தே பேசுவான். ஆங்கிலத்திலும் அவ்வாறே சொல்லித் தவறுவான். நூலாசிரியர் அதற்கென ஒரு தனிப்பயிற்சி வைத்திருக்கிறார். நம்மவனுக்கு வைக்க ஆளில்லை.

இவையெல்லாம் சிறு பிழைகள். பெரும்பிழை ஒன்று உண்டு. அதனைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதலானோம்.

பல ஆண்டுகட்கு முன் வேறோர் இடத்தில் நாம் பணியாற்றியபோது, கடற்கரையூர் ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஆங்கில வகுப்பில் எழுந்து, 'எஸ்டர்டே கேம் பாய் இஸ் மை பிரதர்' என்றான். நேற்று வந்த பையன் என் தம்பி என்பது கருத்து. வகுப்பு சிரித்தது. அன்றே அவனுக்கு 'எஸ்டர்டே பாய்' என்று பெயராயிற்று. அடுத்த பாடவேளை எம்முடையது. யாரோ சொல்ல, நாமும் சிரித்தோம். அதனை இன்று எழுதுகையில் எம் கை கூசுகிறது. அவன் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதற்பிள்ளை. இரண்டாம் ஆண்டில் ஆங்கிலத்தாள் தேறாமல் படிப்பை விட்டான். அந்தச் சிரிப்பால்தான் விட்டான் என்று சொல்ல எமக்கு ஆதாரமில்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை.

அவன் என்ன தவறு செய்தான்? தமிழிலக்கணப்படி ஒரு தவறும் செய்யவில்லை. 'நேற்று வந்த பையன்' என்பது பழுதற்ற பெயரெச்சத்தொடர். தமிழில் 'நல்ல' என்னும் ஒற்றைச்சொல்லும், 'நேற்று மாலை நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் வந்த' என்னும் நெடுந்தொடரும் பெயருக்கு முன்னேதான் நிற்கும். இரண்டையும் நம் இலக்கணிகள் ஒரே கூரையின்கீழ் வைத்தனர். 'வந்த' என்பது தெரிநிலைப் பெயரெச்சம். 'நல்ல' என்பது குறிப்புப் பெயரெச்சம். ஆங்கிலமோ குடும்பத்தைப் பிரித்துவைத்த மொழி. குட்டையானதை முன்னே வைக்கும்; நீண்டதைப் பின்னே அனுப்பி, 'ஹூ', 'விச்' போன்ற ஒரு சொல்லை வாயிலில் நிறுத்தும். ஸ்பானியன் ஆங்கிலம் பயிலும்போது சிறு பெயரடையை முன்னே கொணரக் கற்கவேண்டும். நம்மவன் நீண்ட பெயரெச்சத்தைப் பின்னே அனுப்பக் கற்கவேண்டும். இருவர் பயணமும் எதிரெதிர்த் திசையில். ஒருவருக்கு எழுதிய வழிகாட்டி மற்றவருக்கு எப்படி உதவும்? நாம் பள்ளி கல்லூரிகளில் கையில் கொடுக்கும் ஆங்கில இலக்கண நூல்களோ இவ்விருவருக்கும் எழுதப்பட்டவை அல்ல. ஆங்கிலம் ஓரளவு முன்பே அறிந்த பிள்ளைக்கு எழுதியவை. குணம், அளவு, எண், சுட்டு, வினா எனப் பெயரடையின் வகைகளை நம் மாணவன் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஒப்பித்து முடித்தபின் 'திஸ் புக்ஸ்' என்று எழுதுவான்.

நன்னூலார் பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை ஆறாக வகுத்திருக்கிறார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த இவ்வகுப்பை ஆங்கில வகுப்புக்கு எடுத்துச் சென்றால் என்ன நிகழும் என்பதைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அறிந்த சொல்லையே எடுப்போம். 'ஓதிய பிள்ளை' என்பதில் செய்பவன் வந்தான். ஆங்கிலத்தில் 'ஹூ' வேண்டும். 'ஓதிய பலகை' என்பதில் கருவி வந்தது. 'வித் விச்' வேண்டும். 'ஓதிய மதரசா' நிலம், அதற்கு 'வேர்'. 'ஓதிய நாள்' காலம்; அதற்கு 'வென்'. 'ஓதிய கிதாபு' செய்பொருள். அதற்கு 'விச்' அல்லது 'தாட்'. 'ஓதிய ஓதல்' என்பது செயல், அதற்கும் இதுவே. தமிழில் 'ஓதிய' என்னும் ஒரே சொல் ஆறு வாயிலையும் திறக்கிறது. ஆங்கிலத்தில் வாயிலுக்கொரு திறவுகோல் வேண்டியிருக்கிறது. இதனைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டியபோது, ஆங்கிலத்துக்கே அஞ்சும் மாணவி ஒருவர், 'ஐயா, இவ்வளவுதானா?' என்றார். இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவைச் சொல்ல நன்னூல் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அரபி பயிலும் மாணவர்க்கு இன்னுமொரு செல்வம் கையில் இருக்கிறது. அடைச்சொல்லை அரபிலக்கணம் 'ஸிஃபத்' எனவும், அடைகொண்ட பெயரை 'மவ்ஸூஃப்' எனவும் வழங்கும். ஸிஃபத் தன் பெயரோடு நான்கு வகையில் இயைய வேண்டும்: வேற்றுமை, பால், எண், குறிப்பிட்டது குறிப்பிடாதது என்னும் தன்மை. கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே இப்பாடம் உள்ளது. 'மக்கத்துல் முகர்ரமா', 'மதீனத்துல் முனவ்வரா' என்பவற்றின் இறுதியில் ஒலிக்கும் ஆகாரம் பெண்பால் ஈறு. ஊர்ப்பெயர்கள் அரபியில் பெண்பாலாகக் கருதப்படுதலின் அடையும் அவ்வீறு பெற்றது. 'மஸ்ஜிதுல் ஹராம்' என்பதில் மஸ்ஜித் ஆண்பால். ஆகவே ஈறு இல்லை. 'ரபீஉல் அவ்வல்' என்பதில் 'அவ்வல்' முதலாவது என்னும் ஆண்பால் அடை. ஆனால் 'ஜுமாதா' பெண்பால். அதற்கு 'ஊலா' என்பதே அரபு வழக்கு. நம் நாட்காட்டிகளோ 'ஜமாதுல் அவ்வல்' என்றே அச்சிடுகின்றன. அடை பாலுக்கேற்ப மாறும் என்பதைத் தமிழ்க்காது ஏற்பதில்லை போலும். உருதுவிலும் இவ்வாறு வழங்குவதால் பழியை நம் காதின்மேல் மட்டும் சுமத்துவதற்கில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். 'ஹஜருல் அஸ்வத்' என்றாலே கருநிறக் கல் என்று பொருள். நம் பெரியவர்களோ 'ஹஜருல் அஸ்வத் கல்' என்பர். பின்னால் அடைகொண்ட அரபுத்தொடரை முழுவதுமாகத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்து, இறுதியில் தமிழ்ப்பெயரொன்றை நிறுத்தினால்தான் தமிழ் மனம் அமைதியடைகிறது. இதனைக் கூறியது கூறல் என்று நகைப்பாரும் உளர். நாம் நகைக்கமாட்டோம். இலக்கணம் எழுத்தறியா மூதாட்டியின் நாவிலும் அரசாளுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஒற்றுமைகளும் உள. அரபியில் மனிதரைக் குறிக்கும் பன்மைப்பெயர்க்கு அடையும் பன்மையில் வரும். மனிதரல்லாதவற்றின் பன்மைக்கோ அடை பெண்பால் ஒருமையில் வரும். நல்ல ஆடவர் பலர் எனில் 'ரிஜாலுன் ஸாலிஹூன்'. புதிய நூல்கள் எனில் 'குதுபுன் ஜதீதா'. அறிவுடையது, அறிவில்லது என அரபிலக்கணிகள் வகுத்ததைத் தொல்காப்பியர் உயர்திணை, அஃறிணை எனச் சொல்லதிகாரத்தின் வாயிலிலேயே வைத்தார். அந்நூலைக் கேட்டு ஆராய்ந்ததாகப் பாயிரம் கூறும் அதங்கோட்டாசான் நம் விளவங்கோட்டு அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்பது இம்மாவட்டத்தார் நெடுநாளாகப் போற்றிவரும் நம்பிக்கை. ஒப்பிட்டுச் சொல்லும் முறையையும் நோக்குக. பாங்கில் நாள்தோறும் ஒலிக்கும் 'அக்பர்' என்பது 'கபீர்' என்னும் அடையின் மிகுதி காட்டும் வடிவம். ஒன்றைவிட மற்றொன்று பெரிது எனச் சொல்ல அதனோடு 'மின்' சேர்ப்பர். 'இருந்து' என்பது அதன் பொருள். தமிழிலும் ஒப்புப்பொருளும் நீங்கற்பொருளும் ஐந்தாம் வேற்றுமையிலேயே அடங்கும். இன்று நாம் வழங்கும் 'விட' என்பதும் விடுதல், நீங்குதல்தானே. ஆங்கிலத்தில் 'மோர் பெட்டர்' என்றெழுதும் மாணவனுக்கு, 'பெட்டர்' என்பது 'அக்பர்' போல மிகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட சொல் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இவ்வளவு அறிவும் நம் கல்லூரியின் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. ஆனால் மூன்று அறைகளில் இருக்கிறது. பகுதி ஒன்றில் தமிழோ அரபியோ, பகுதி இரண்டில் ஆங்கிலம் எனப் பாடத்திட்டம் பிரித்தது. நாமும் அப்படியே பிரிந்து அமர்ந்துவிட்டோம். தேநீர் வேளையில் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறோம். பெயரெச்சத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழாசிரியர்கள்மேலும் குறையுண்டு. பெயரடை என்னும் ஆங்கில அச்சை எடுத்துத் தமிழின்மேல் ஓங்கிப் பதித்தவர் நாமே. உரிச்சொல் என்றால் ஆங்கிலப் பெயரடை போன்றது என ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். தொல்காப்பியர் உரியியலில் கூறுவன பலதிறச் சொற்கள்; மிகுதியை உணர்த்தும் 'உறு', 'தவ', 'நனி' போல்வன அவற்றுள் ஒருசாரன. 'நல்ல', 'பெரிய' போன்றவற்றின் இடம் வினையியலைச் சார்ந்தது. 'நல்லன், நல்லள், நல்லது' என்று அவை பயனிலையாகுமிடத்துப் பாலும் எண்ணும் காட்டுவதே அதற்குச் சான்று. பண்புத்தொகையைக் கற்பிக்கவும் தொலைவு போகவேண்டா. கருங்கல் செல்லும் பேருந்தில் ஏறுபவன் கருமையோடு கல் புணர்ந்த விதியின்மேல் பயணம் செய்கிறான். புதுக்கடை, புத்தேரி என்னும் ஊர்கள் புதுமை என்னும் பண்பு மெய்யெழுத்தின் முன் ஒருவாறும் உயிரெழுத்தின் முன் வேறொருவாறும் திரிவதைக் காட்டும். சிற்றாறு அணையோ தன்னொற்று இரட்டுதலுக்கு மேற்கோள். இவற்றை விட்டுச் 'செந்தாமரை' என்றே ஆண்டுதோறும் எழுதிப்போடுகிறோம்.

சமுதாயப் பெரியோர் சிலர் எம்மிடம் அன்போடு சொல்வதுண்டு: 'பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் போகவேண்டியவர்கள், தமிழிலக்கணத்தைச் சற்றுக் குறைத்து ஆங்கிலத்தைக் கூட்டலாமே.' அவர்தம் கவலை மெய்யானது. பிள்ளையின் பிழைப்பு ஆங்கிலத்தில் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறைக்கச் சொல்லும் அதே இலக்கணமே அந்த ஆங்கிலத்துக்கு ஏணி என்பதை மேலே காட்டிய ஆறு வாயில்களைக் கொண்டு அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் திருவிதாங்கூர் ஆட்சியில் பள்ளியில் மலையாளம் பயின்று, பின்னர்ச் சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தமிழ் கற்றவர். 1907 மார்ச் 10-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரு மொழியைக் கற்க மற்றொன்றைக் குறைக்கவேண்டும் என அக்காலத்தில் எவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்.

நாம் வேண்டுவது பெரிதன்று. புதிய துறை வேண்டா, நிதி வேண்டா, கருத்தரங்கும் பொன்னாடையும் வேண்டா. மூன்று துறையினரும் ஒரு பருவத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு மேசையைச் சுற்றி அமரவேண்டும். நம் மாணவர் விடைத்தாள்களிலிருந்து பிழைகளைத் திரட்டவேண்டும். இப்பிழை தமிழின் எந்த விதியிலிருந்து பிறந்தது, அரபியில் இதற்கு இணை உண்டா, ஆங்கிலத்தில் எப்படி மாற்றவேண்டும் என ஒவ்வொன்றன் எதிரேயும் எழுதவேண்டும். விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலிருந்து மலையாளம் கலந்து பேசிவரும் பிள்ளைகளுக்கென ஒரு பத்தியும் சேர்க்கலாம். நாற்பது பக்கத்தில் அடங்கும். பிழை செய்தவர் பெயர் அதில் இராது.

கப்பல் மாணவர் அடுத்த விடுமுறையில் வரும்போது நூலைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். அதன் இறுதியில் வெற்றுத்தாள்கள் சில இருந்தன. அவர் இசைவு பெற்று, நம் மாணவர் பிழைகளை அவற்றிற் பென்சிலால் எழுதத் தொடங்கினோம். இக்கட்டுரை அச்சுக்குப் போகும் நாள்வரை 23 சேர்ந்துள்ளன. 'திஸ் புக்ஸ்' இரண்டாவதாக நிற்கிறது. முதலாவது, நேற்று வந்த பையன்.